ஒன்பது வெள்ளைப் புள்ளிகள்

அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர், தலையை ஸ்கேன் செய்கிற இயந்திரம் வாங்கியிருக்கிறார். அதை இயக்குகிற மாலதி, நான் ஓய்வு பெறும் சமயத்தில் எங்கள் எக்ஸ்ரே அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். போன மாதம் என்னை அழைத்துப்போய்க் காட்டினாள். முள்ளங்கியை வில்லை வில்லையாக அரிந்து அடுக்கியது போல ஒரு மனிதருடைய தலை திரையில் வரிசையாக வந்தது. எலும்புக்குள் மூளை, அதன் மடிப்புகள், நடுவே நீர் நிற்கும் அறைகள் எல்லாம் தெரிந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க காலத்துல மூளைக் கட்டியை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று மாலதி கேட்டாள்.

"பெரும்பாலும் கண்டுபிடிக்கலை" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சாதாரண எக்ஸ்ரே படத்தில் மூளை விழாது. எலும்பு விழும், எலும்பைப் போல் சுண்ணாம்பு படிந்த எதுவும் விழும். கட்டி என்பது மூளையைப் போலவே மென்மையான சதை. அது எலும்பை அரித்திருந்தாலோ, எதையாவது இடம் தள்ளியிருந்தாலோ, தனக்குள்ளேயே சுண்ணாம்பு சேர்த்திருந்தாலோதான் எங்களுக்குத் துப்புக் கிடைக்கும். ஆளைப் பார்க்காமல் கால் தடத்தை மட்டும் பார்த்து ஆள் யாரென்று சொல்வது மாதிரி. இதைச் சொன்னதும், "அப்படிக் கண்டுபிடிச்சதையாவது எழுதிக் குடுங்களேன்" என்றாள் மாலதி. அப்படித் தடம் கிடைத்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வாழப்பாடிப் பக்கம். நர்ஸ் பயிற்சி முடித்துச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே எக்ஸ்ரே இயந்திரம் வந்தபோது, கதவைச் சாத்திய அறையில் ஆண் ஒருவர் சொல்லும்படி மேஜையில் படுக்கப் பெண்கள் யாரும் ஒப்பவில்லை. அதனால் என்னைச் சென்னைக்கு அனுப்பி ஆறு மாதம் பழக்கினார்கள். அங்கே கற்றதில் முக்கால்வாசி, படம் கழுவுவதுதான். சேலத்து வெயிலில் அதுவும் மாறிப்போனது. சித்திரை மாதத்தில் தொட்டி நீர் சூடேறினால் ஃபிலிம்மேல் பூசிய பசை இளகி வழிந்துவிடும். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, மண்பானைத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, வெயில் ஏறுமுன் அன்றைய படங்களை முடிக்கப் பார்ப்பேன்.

எங்கள் டாக்டர் பெயர் ஞானசிகாமணி. எக்ஸ்ரேக்கென்று தனி டாக்டர் கிடையாது; பொது நோயாளிகளையும் கண் நோயாளிகளையும் பார்த்துவிட்டு, வடக்கு ஜன்னலோரம் வந்து நின்று படம் பார்ப்பார். குரல் உயர்த்திப் பேச மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். படத்தைப் பார்த்ததும் யாராவது நோயின் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பேர் அப்புறம். என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்பார். பிறகு ஒரு தபால் கார்டை எடுத்துத் தலைப் படத்தின் ஒரு பாதியை மறைப்பார், அப்புறம் மறு பாதியை. இரண்டும் ஒன்று போல இருக்கின்றனவா என்று பார்க்கிற வழி அது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நானே பழைய படங்களை எடுத்துவைத்து, கார்டை வைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை நாமக்கல்லிலிருந்து ஒரு நெய் வியாபாரி தீராத தலைவலியோடு வந்தார். மூளையின் நட்டநடுவே ஒரு சிறு சுரப்பி உண்டு. வயது வந்தவர்கள் பலருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து, நேர்முகப் படத்தில் கடுகளவு தெரியும். ஒரு பக்கம் கட்டி இருந்தால் அது மறுபக்கம் நகர்ந்திருக்கும். வியாபாரியின் கடுகு நன்றாகவே இடது பக்கம் நகர்ந்திருந்தது. எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. டாக்டர் கவராயத்தை வைத்து அளந்தார், கார்டை வைத்துப் பார்த்தார், கடைசியில் "தலை கொஞ்சம் திரும்பியிருக்கு, ருக்மணி" என்றார். தலை அசையாமலிருக்க வைக்கிற மணல் மூட்டையை நான் சரியாக முட்டுக் கொடுக்கவில்லை. திரும்ப எடுத்தபோது கடுகு நடுவில் இருந்தது. வியாபாரிக்குக் கண்ணாடி போட்டதும் தலைவலி போய்விட்டது. படத்தில் தெரிவது நோயாளியினுடையதா, என்னுடையதா என்ற சந்தேகம் அன்றிலிருந்து என்னோடு வந்தது. ஆனால் நான் எழுத வந்த விஷயத்தில் அது எனக்கு உதவவில்லை.

எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய புதிது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு போலீஸ்காரர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வந்தார்.

"சந்தையில தள்ளாடிக்கிட்டு வந்து என் மேலயே மோதினான் சார். குடிச்சிருக்கான்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தா கேசு எழுதிடுவேன்."

அந்த மனிதர் தலை குனிந்து நின்றார். பெயர் அர்த்தநாரி, இளம்பிள்ளையில் பட்டு நெய்கிறவர். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தார் அவர் மனைவி நல்லம்மாள்.

"சாமி, இவரு அந்தப் பக்கமே போனதில்லீங்க. ஒரு வருசமாவே இப்படித்தானுங்க. கதவு நெலையில இடிச்சுக்கறாரு. பக்கத்துல வாரவங்களைக் கண்டுக்கறதில்லீங்க. ஊருக்குள்ளயும் குடிகாரன்னுதான் பேசறாங்க."

டாக்டர் அர்த்தநாரியின் வாயருகே முகர்ந்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்; நேராக நின்றார். ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், பிசகாமல் நடந்தார். டாக்டருக்கு அப்போதுதான் சுவாரசியம் தட்டியது. நாற்காலியை இழுத்து அவர் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.

"ஒரு கண்ணைப் பொத்திக்கங்க. என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பார்க்கக் கூடாது. இந்தச் சிவப்புப் பென்சில் தெரிஞ்சதும் சொல்லுங்க."

பென்சிலை அவருடைய காதுக்கு நேரே வைத்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். நமக்கெல்லாம் காதைத் தாண்டியதுமே தெரிந்துவிடும். அர்த்தநாரி பேசாமல் இருந்தார். பென்சில் அவர் முகத்துக்கு நேர் முன்னால் வந்த பிறகுதான் "இப்பத் தெரியுதுங்க" என்றார். மறு கண்ணிலும் அதே கதை. வலக்கண்ணுக்கு வலப்புறம் இல்லை, இடக்கண்ணுக்கு இடப்புறம் இல்லை. நேர் எதிரே இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

டாக்டர் நல்லம்மாளிடம் திரும்பினார். "தறியில எப்படி?"

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன். சேலையில நடுவுல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க. ரெண்டு கரையுந்தான் பாழு. இழை அறுந்து தொங்கினாலும் அப்படியே நெய்ஞ்சுக்கிட்டுப் போறாரு. முதலாளி பாவு நூலு குடுக்க மாட்டேங்கறாரு."

டாக்டர் எழுந்து ஜன்னலண்டை போய்த் திரும்பி வந்தார். போலீஸ்காரரிடம், "இவர் குடிக்கலை. உங்க மேல மோதினதுக்குக் காரணம், நீங்க இவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை" என்று சொல்லி, அதையே எழுதியும் கொடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தலையைப் பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க."

இரண்டு கண்களின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்த இடத்துக்குக் கீழே எலும்பில் குதிரைச் சேணம் போல ஒரு சின்னக் குழி. அதில் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும். அங்கே ஏதாவது வளர்ந்து நரம்பை நடுவில் அழுத்தினால் இரு பக்கப் பார்வையும் போகும். டாக்டர் தேடச் சொன்னது அந்தச் சேணத்தை.

அர்த்தநாரியை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலைக்கு இரு புறமும் மணல் மூட்டை. நெற்றிக்கு மேல் துணிப் பட்டை. "மூச்சு விடாம இருங்க, நான் சொல்ற வரைக்கும்" என்றேன். எங்கள் இயந்திரத்துக்குத் தலை எலும்பைத் துளைக்க ஐந்து விநாடி வேண்டும். சடசடவென்று பொறி பறக்கிற சத்தத்துக்குப் பலர் திடுக்கிட்டு அசைந்துவிடுவார்கள். அவர் அசையவே இல்லை. மணிக்கணக்காகத் தறியில் உட்கார்ந்தவர்.

படத்தை ஜன்னலில் வைத்தோம். சேணத்தின் பின்சுவர் மெலிந்திருந்தது. அதற்குமேல், எலும்பே இருக்கக் கூடாத இடத்தில், சுண்ணாம்புத் தூளைச் சுண்டிவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். எண்ணினேன். ஒன்பது.

டாக்டர் லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்தார். இப்படிச் சுண்ணாம்பு படிகிற கட்டி ஒன்று உண்டு, பிறவியில் மிஞ்சிப்போன திசுவிலிருந்து வளர்வது, குழந்தைகளிடம்தான் அநேகமாகக் காண்பது, வளர்ந்த ஆளிடம் அபூர்வம் என்று சொன்னார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்: "காலையில திரையைத் துடைச்சீங்களா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபிலிமை வைக்கும் தட்டையான பெட்டிக்குள் இரு பக்கமும் ஒரு திரை உண்டு. எக்ஸ்ரே பட்டால் அது ஒளிரும். அந்த ஒளிதான் ஃபிலிமில் படத்தை அழுத்தமாக்கும். திரையில் ஒரு தூசி இருந்தால் அந்த இடத்தில் ஒளி மறைந்து, படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். தலைக்குள் இருக்கும் சுண்ணாம்பும் வெள்ளைப் புள்ளிதான். படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அதற்காகவே தினமும் காலையில் திரைகளைத் துடைப்பது என் பொறுப்பு.

அன்று காலை ஒரு வண்டி குடைசாய்ந்து கை கால் முறிந்த மூன்று பேர் வந்துவிட்டார்கள். நான் துடைக்கவில்லை.

"துடைச்சேன், டாக்டர்" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். பயம்தான். டாக்டர் நம்பிவிட்டார். சென்னையில் தமக்குத் தெரிந்த அறுவைச் சிகிச்சை டாக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அர்த்தநாரியிடம் அடுத்த வாரம் பயணத்துக்குத் தயாராக வரச் சொன்னார். கணவனும் மனைவியும் இளம்பிள்ளை பஸ்ஸுக்குப் போனார்கள்.

சாயங்காலம் நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது திரையில் தூசி இருந்தது. எத்தனை என்று சரியாகத் தெரியவில்லை. கையில் துடைக்கிற துணி இருந்தது. ஒரு தடவை துடைத்துவிட்டால் நான் சொன்னது பொய் என்று யாராலும் காட்ட முடியாது. அதேசமயம் அந்த மனிதர் தலைக்குள் இருப்பது என்ன என்றும் யாராலும் சொல்ல முடியாது. என் தூசிக்காக அவர் மண்டையைத் திறப்பார்கள். துணியைக் கீழே வைத்துப் பெட்டியை மூடினேன்.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நான் கேட்டது தப்பு" என்றார் கடைசியில். "துடைச்சீங்களான்னு கேட்டா, துடைச்சேன்னுதான் பதில் வரும். பெட்டியைக் கொண்டாங்கன்னு சொல்லியிருக்கணும். இப்பவும் துடைக்கலையே?"

"இல்லை டாக்டர்."

"அது போதும். கொண்டாங்க."

அந்தப் பெட்டியில் புது ஃபிலிமைப் போட்டு, மேஜையில் யாரையும் படுக்கவைக்காமல், வெறும் பெட்டியின் மேல் லேசாகக் கதிரைப் பாய்ச்சச் சொன்னார். தூசி இல்லாவிட்டால் படம் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். கழுவி எடுத்தேன். கறுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். அதை அர்த்தநாரியின் படத்தின்மேல் விளிம்போடு விளிம்பு பொருத்தி ஜன்னலில் பிடித்தோம். ஒரு புள்ளி தலைக்கு வெளியே விழுந்தது. மற்ற இரண்டும் அந்த ஒன்பதில் இரண்டின்மேல் சரியாக உட்கார்ந்தன.

"அப்ப ரெண்டு நம்மளோடது" என்றார் டாக்டர். "மீதி ஏழு?"

அவர் முகத்தில் கோபம் போய் ஒரு பையனின் ஆவல் வந்திருந்தது. எனக்கும் பயமெல்லாம் போய்விட்டது. அந்த ஏழும் யாருடையவை என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியை எடுத்து வைத்தபோது அவையும் தூசியாக இருந்து உதிர்ந்திருக்கலாம். வேறு பெட்டியில் மறுபடி எடுத்தால்தான் தெரியும். "நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று கிளம்பினேன்.

இளம்பிள்ளையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். அர்த்தநாரி வெறுந்தறியின் முன் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றது அவருக்குத் தெரியவில்லை. நல்லம்மாள்தான் பார்த்தார்.

"வாங்க நர்சம்மா. மறுபடியும் போலீசு ஏதாச்சுங்களா?"

"இல்லை. படத்துல ஒரு சந்தேகம். தப்பு என்னோடது. இன்னொரு தரம் எடுக்கணும்."

"தப்புன்னு சொல்லிக்கிட்டு எங்க ஊட்டுக்கு வந்த மொத ஆளு நீங்கதானுங்க" என்றார் அர்த்தநாரி. குத்தலாகச் சொல்லவில்லை. நல்லம்மாள் முதலாளி திருப்பியனுப்பிய சேலையை விரித்துக் காட்டினார். சேலையின் உடலில் கட்டம் கட்டமாக, கண்ணை எடுக்க முடியாத வேலை. இரண்டு கரையும் எலி கடித்தது போல. டாக்டர் தபால் கார்டை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்று போலவே இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே சேலம் வந்து சேர்ந்தோம். எல்லாத் திரைகளையும் டாக்டர் முன்னால் துடைத்தேன். வேறு பெட்டியில் இடது பக்கமாக இரண்டு படம், வலது பக்கமாக ஒன்று, நேர்முகமாக ஒன்று. பக்கவாட்டுப் படங்களில் ஏழு புள்ளிகளும் சேணத்துக்கு மேலே அதே இடத்தில் இருந்தன. தலையைத் திருப்பினால் அவையும் திரும்பின. நேர்முகப் படத்தில் நட்டநடுவே ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. டாக்டர் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். இரண்டு தூசியைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். என் பெயரை எழுதவில்லை.

சென்னையிலிருந்து பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. நெற்றிப் பக்கம் திறந்து பார்த்ததாகவும், கட்டிக்குள் எஞ்சின் எண்ணெய் போலக் கறுத்த நீர் நின்றதாகவும், அதில் மினுமினுப்பான துகள்கள் மிதந்ததாகவும் அந்த டாக்டர் எழுதியிருந்தார். நீரை வடித்துவிட்டார், கட்டியின் சுவரை முழுதாக எடுக்க முடியவில்லை, நரம்போடும் ரத்தக் குழாயோடும் ஒட்டியிருக்கிறது, திரும்ப நீர் சேரலாம் என்றும் இருந்தது. ஞானசிகாமணி டாக்டர் அந்தக் கடைசி வரியை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

அர்த்தநாரி தலைமுடி வளர்ந்தும் வளராமலும் வந்து நின்றார். சிவப்புப் பென்சில் பரிசோதனை மறுபடி நடந்தது. வலப்பக்கம் காதருகே வந்ததுமே "தெரியுதுங்க" என்றார். இடப்பக்கம் கொஞ்சம் தாமதம். முதலாளி மீண்டும் பாவு கொடுத்தார். இடது கரையை மட்டும் நல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அப்படி நாலு வருடம் போயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் படம் எடுப்பேன்.

யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்ற சமயம், மறுபடியும் நிலைக்கதவில் இடிக்க ஆரம்பித்திருக்கிறார். படம் எடுத்து, புள்ளிகள் பதினொன்று என்று நான் எழுதினேன். "நானும் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். ஜன்னலில் வைத்துக் காட்டினேன். கண்ணுக்கு நேரே இருப்பது அவருக்கு எப்போதுமே நன்றாகத் தெரியும். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் உதடு அசைய எண்ணினார்.

"பன்னண்டுங்க. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குது பாருங்க."

டாக்டர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டுதான். நான் அறிக்கையை அடித்துத் திருத்தினேன். அர்த்தநாரி சந்தோஷமாகச் சிரித்தார். அடுத்த வாரம் சென்னைக்குப் போனவர் இரண்டாவது அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் இறந்துபோனார்.

இரண்டு மாதம் கழித்து நல்லம்மாள் வந்தார். அழவில்லை. எக்ஸ்ரே அறைப் பெஞ்சில் உட்கார்ந்து, "அவரு படத்தை ஒருக்காக் காட்டறீங்களா, நர்சம்மா?" என்றார். முதல் வருடத்துப் படம் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்தேன். புள்ளிகள் எங்கே என்று காட்ட விரலைக் கொண்டுபோனேன். அவர் அங்கே பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், கறுப்பில் மங்கலாக விழுந்திருந்த ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவரு மூக்குதானுங்க?"

ஆமாம். பக்கவாட்டுப் படத்தில் நல்ல வெளிச்சம் இருந்தால் முகத்தின் சதையும் நிழல் போலத் தெரியும். நெற்றி, மூக்கு, உதடு, தாடை. சேணத்துக்குப் போகிற அவசரத்தில் நான் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

"நாங்க போட்டோ எடுத்ததே இல்லீங்க" என்றார் நல்லம்மாள்.

இடது பக்கம் எடுத்ததில் இரண்டு படம் இருந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பழுப்புக் காகித உறையில் வைத்து நீட்டினேன். நல்லம்மாள் உறையிலிருந்து அதை மறுபடி வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, படத்தைத் தொடாமல் அந்தக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டி, உதட்டருகே வந்ததும் நிறுத்தினார்.

"சிரிக்கிறாருங்க" என்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்த மனிதர். நான் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.